விரல் வைக்காதவர்

செப்டம்பர் 16, செவ்வாய். நேற்று ஒரு தவறு செய்துவிட்டேன். வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைக்க மறந்த ஊழியர்களுக்குச் செய்தி அனுப்பும்போது பட்டியலைச் சரிபார்க்கவில்லை. ஒருவரின் ஊழியர் எண் அன்றைய பில்களில் இருக்கிறது, வருகையில் இல்லை என்றால் அவர் விரல் வைக்க மறந்துவிட்டார். இப்படித்தான் நினைத்தேன். இரண்டு அட்டவணைகளை ஒப்பிட மாலை வகுப்பில் கற்றதை முதன்முதலாகக் கடையில் பயன்படுத்திய பெருமை வேறு. செய்தி கிடைத்தவர்கள் எல்லாரும் இன்று காலை அசடு வழிய வந்து விரல் வைத்தார்கள், ஒருவரைத் தவிர. அவருக்குப் பதில் அவருடைய மகள் வந்தாள்.

தியாகராய நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையின் மேல்மாடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது சிஸ்டம் அறை. அந்தப் பெண் வாசலிலேயே நின்று, கண்ணாடி விரிசல் விட்டிருந்த ஒரு போனை நீட்டினாள்.

“மேடம், இத யாரு அனுப்பிச்சது?”

நான் எழுதிய வாசகம்தான். ‘அன்புள்ள அந்தோணியம்மாள், நீங்கள் இன்று பணியில் இருந்தும் விரல் வைக்கவில்லை. உடனே பதிவு செய்யவும்.’

“அது எங்கம்மா. செத்து எட்டு மாசம் ஆவுது” என்றாள். பெயர் ஏஞ்சலாம். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். அந்த எண்ணை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுத்தா மட்டும் போதாது மேடம். கேஸ் சிலிண்டர் புக் பண்றது, ரேசன் ஓடிபி எல்லாம் இந்த நம்பருக்குத்தான் வருது. அதனால போனு எப்பவும் எங்க நைனா கைலதான் கீது. மெசேஜ அவருதான் படிச்சாரு. அப்ப அவ வேலைக்குப் போய்க்கினுதான் கீறாள்னு சொல்லிட்டு, சாயங்காலம் பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டாண்ட போய் நின்னுட்டாரு. குழியில மொத மண்ணு போட்டதே அவருதான். இப்ப நாங்க சொன்னா நம்ப மாட்டேன்றாரு.”

தவறு எங்கே என்று காட்டினால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று எண்ணி, 114ஆம் எண்ணைத் திரையில் திறந்தேன். அதுதான் அந்தோணியம்மாளின் எண். பழைய பதிவு ஏதோ அழியாமல் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நேற்று விற்றிருக்கிறார். முந்தாநாளும் விற்றிருக்கிறார். இன்று காலை ஒரு காட்டன் புடவை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே இன்னொரு வரி வந்து விழுந்தது. ஒரு பட்டு.

ஏஞ்சல் திரைக்கு அருகில் குனிந்தாள். “இப்பவா வித்தாங்க?”

எழுந்து கீழே புடவைப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே சீனியரான சரோஜாதேவி அக்கா, பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா பாப்பா, பேயக் கண்ட மாரி ஓடியாற?”

114 யார் போட்டது என்று கேட்டேன்.

“அதுவா. ஒரே கஸ்டமருக்கு ரெண்டு பேரு பொடவ காட்டிடுவாளுங்க. யாரு பேர்ல பில்லுன்னு சண்ட வரும். அந்தோணிக்கா இருக்கசொல்ல, ‘ரெண்டு பேருக்கும் வாணாம், என் பேர்ல போடுங்கடி’ன்னு வாய அடைச்சிடும். இப்பவும் அப்டியே போட்டுக்கினு கீறோம்.”

“அவங்கதான் இல்லையே அக்கா.”

“இல்லாதவங்களாண்ட யாரு போய் சண்ட போடுவா?” என்று சிரித்தார். “போன மாசம் எங்க செக்சன்ல அதுதான் ஃபர்ஸ்ட்டு, தெரியுமா?”

அப்போதுதான் என் பின்னால் ஏஞ்சல் நிற்பதைப் பார்த்தார். பாதி மடித்த புடவை கையிலேயே நின்றது. “துன்னியா ஏஞ்சலு?” என்றார்.

“ஆச்சுக்கா.” அவள் குரல் இறங்கிவிட்டது. “எங்கம்மா பேர்ல சண்ட தீருதுன்னா சந்தோசந்தான். ஆனா நைனா இன்னிக்கும் அங்க போய் நிப்பாரு. மிசின்தான வேலைல கீறாங்கன்னு சொல்லிச்சு? அதே மிசின் நின்னுட்டாங்கன்னும் சொல்லட்டும். அது சொன்னா நம்புவாரு.”

ஓர் எண்ணை மூடினால் அந்த ஊழியரின் போனுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும். அதைத்தான் அவள் கேட்கிறாள். மேனேஜர் தனபாலன் அண்ணாச்சியிடம் போய், இத்தனை மாதம் ஏன் மூடவில்லை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணு தடவ தொறந்தேம்மா. ஏன் நின்னாகன்னு காரணம் கேக்கு. சொந்த விருப்பம், ஒழுங்கு நடவடிக்கை, சொல்லாம நின்னது, மற்றவை. இதுல எத அமுக்கச் சொல்லுத? இத்தன வருசம் கால் கடுக்க நின்ன பொம்பளய ‘மற்றவை’ன்னு போடக் கை வரல.” பிறகு, “சரி, நாளைக்கு நீயே பாத்து மூடு. மூடுனா கீழ பொடவைய வுட்டுட்டு முடியப் புடிச்சு இழுப்பாளுவ. அதையும் நீயே பாத்துக்க” என்றார்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மயிலாப்பூரில் இறங்காமல் அதே பஸ்ஸில் பட்டினப்பாக்கம் வரை போனேன். போனது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. கடையின் மெரூன் சீருடைப் புடவையைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை. படியிலிருந்து இறங்கும்போது, கம்பத்தின் அருகில் நின்றவர் முதலில் என் புடவையைப் பார்த்தார். வேகமாக இரண்டடி முன்னால் வந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். கையில் காலையில் நான் பார்த்த அதே விரிசல் போன்.

“நீயும் அந்தக் கடையாம்மா?”

தலையசைத்தேன்.

“அந்தோணி இன்னும் பில்லு போட்டுக்கினு கீதா? லேட்டாவுமா?”

வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று தயார் செய்திருந்தேன். படியை விட்டு ஓரமாக விலகி நின்றேன். என்னைத் தாண்டி, காலியான பஸ்ஸின் ஜன்னல்களை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவர் விளக்கை அணைத்த பிறகும் கடைசி ஜன்னலுக்கு எதிரிலேயே நின்றார்.

நாளை: கடை திறக்கும் முன், காரணப் பட்டியலில் ‘இறப்பு’ என்ற வரியைச் சேர்க்க வேண்டும். 114ஐ மூட வேண்டும். சண்டை வந்த பில்லுக்கு வேறு வழி சரோஜாதேவி அக்காவிடம் கேட்க வேண்டும். ஏஞ்சலின் அப்பா போனுக்குப் போகும் செய்தியை, அதற்கு முன் என் எண்ணுக்கு அனுப்பிப் படித்துப் பார்க்க வேண்டும்.