பின்னால் ஓடும் ரத்தம்

"டி.வி.ய என் பக்கம் திருப்புங்க டாக்டர். நானும் பாக்கணும்."

கேட்டேவிட்டாள் அஞ்சலாட்சி. தேவனாம்பட்டினத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை பைக்கில் அண்ணன் சிவசங்கர் படித்துப் படித்துச் சொன்னது இப்படிக் கேட்காதே என்றுதான். "மூச்சு வாங்குதுன்னு மட்டும் சொல்லு, மாத்திரைய வாங்கினு வந்துடலாம். படத்தக் காட்டு, வெவரம் சொல்லுன்னு நிக்காத. கல்யாணப் பொண்ணு நீ."

டாக்டர் ஜெயராணி சிரித்துக்கொண்டே திருப்பினார். கறுப்பு வெள்ளையில் அவள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்த, ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் நிறம் ஏறியது. சிவப்பு ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போனது. நடுவில் கதவு போல ஒன்று மூடியது. மூடிய பிறகும் இடுக்கு வழியாக நீலமும் மஞ்சளுமாக ஒரு பீய்ச்சல் வந்த வழியே திரும்பி அடித்தது.

"அது இன்னா?"

"வால்வு சரியா மூடல. ரத்தம் பின்னாடி கசியுது. சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்துச்சா?"

"ஏழாவது படிக்கும்போது."

"அந்த ஜுரந்தான் வால்வக் கெடுத்திருக்கு. இந்த ஸ்கேன் முன்ன எடுத்திருக்கியா?"

"2008ல, சிதம்பரத்துல காலேஜ் சேந்தப்ப கேம்ப் போட்டாங்க. ரிசல்ட் கேக்க அண்ணன்தான் போச்சு. ஒண்ணுமில்லன்னு..."

அவள் நிறுத்தினாள். மறைப்புத் துணிக்கு அப்பால்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"மூணு வருசம் முன்னயே தெரிஞ்சிருக்கணுமே" என்றார் டாக்டர்.

"சொன்னாங்க மேடம்." துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "லேசா இருக்கு, மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, வருசக்கணக்கா வுடாம போடணும்னாங்க. லேசாதானேன்னு..."

"அந்த ஜுரம் திரும்ப வராம, லேசா இருக்கும்போதே போடத்தான்யா அந்த ஊசி! இப்ப கசிவு ஜாஸ்தியாயிடுச்சு." டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பாத்துக்கலாம்மா, பயப்படாத. ஆனா ஊசிய வுடாத. கல்யாணத்துக்கப்புறம் குழந்தைன்னு நெனைக்கிறதுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்துடணும். மறைச்சு வெச்சுப் பெத்துக்கப் போனா உசுருக்கே ஆபத்து."

பொட்டப்புள்ளைக்குக் காலேஜ் எதுக்கு என்று குதித்த அப்பாவிடம் மல்லுக்கு நின்று அவளைச் சேர்த்துவிட்டவன் இந்த அண்ணன். அவன் பேச்சை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சிவசங்கர் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எதுக்குண்ணே மறைச்ச?"

"மோனிகா வூட்டுல பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்போம்னு அப்பவே நின்னாங்க. நீ காலேஜ் முடிச்சு காசிநாதனக் கட்டினாதான் அவன் தங்கச்சி மோனிகாவ எனக்குத் தருவாங்க. அந்த நேரம் பாத்து இந்த ரிசல்ட். நீ சும்மா சும்மா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தா குப்பம் பூரா பேசாதா? ரெண்டு கல்யாணமும் கெட்டுடும் பாப்பா."

"எனக்குச் சீர் செய்ய வேண்டியவன் நீ. என் உசுர எடுத்து அவுங்களுக்குச் சீர் வெச்சிருக்க."

"அப்டி பேசாத. ஒரே மாசம். தாலி ஏறட்டும், நானே கூட்டியாந்து ஊசி போடறேன்."

"அப்புறம் நான் முழுகாம இருந்தா? அதையும் மறைப்பியா?"

அவன் சடக்கென்று அவள் பக்கம் திரும்பினான். "ஒன்ன காலேஜ்ல சேத்துவுட்டது யாருடி? மறந்துட்டியா?"

"மறக்கல. அதனாலதான் நீ சொன்னத நம்பினேன்."

நர்ஸ் வந்து கையில் தடிப்பு எதுவும் இல்லை என்று பார்த்து, போகலாம் என்றாள். ஊசி போட்ட இடம் கடுத்தது. அஞ்சலாட்சி துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"வா, வூட்டுல போய்ப் பேசிக்கலாம்." பைக் சாவியை எடுத்தான்.

"நீ போ. நான் மோனிகா வூட்டுக்குப் போறேன். அவளயும் காசிநாதனயும் உக்கார வெச்சு எல்லாத்தயும் சொல்லப் போறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். ஒன்னக் கட்டறதா வேணாமான்னு அவ முடிவு பண்ணட்டும்."

"பாப்பா, ஒன் கால்ல வுழறேன்..."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள்.