காணாமல் போன பிளாஸ்திரி

மறதி நோய் முற்றிய ஆர்டித் கிழவியின் நெஞ்சில் வழக்கமாக ஒட்டியிருக்கும் வலி பிளாஸ்திரியைக் காணோம். நர்ஸ் லொரெட்டா இரவு உடை, போர்வை, கட்டிலடி எல்லாம் பார்த்தாள். போதைக்காரர்கள் தேடி அலையும், அளவு மீறினால் ஆளையே கொல்லும் வலிமருந்து அதில் இருந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோர் வாயிலும் வந்த பெயர் ஒன்றுதான்: அடுத்த அறை வெண்டல். முப்பத்து நான்கு வயது. போதை ஊசி போட்டுப் போட்டு இதய வால்வில் கிருமி பிடித்து, ஆறு வாரம் மருந்தேற்றிக்கொள்ள வந்தவன். இன்னும் இரண்டு வாரம் பாக்கி. நடுவில் நிறுத்தினால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆர்டித்துக்குத் தினமும் புட்டிங் ஊட்டுவது அவன்தான்.

அனுமதி கேட்காமல் அறையைச் சோதிக்கக் கூடாது. லொரெட்டா கேட்டாள்.

"ஆர்டித்தோட பிளாஸ்திரியக் காணோம். உன் ரூமைப் பாக்கட்டுமா வெண்டல்?"

அவன் சிரித்தான். "ஆத்துல தண்ணி கொறஞ்சாலும் நான்தான் குடிச்சேம்பீங்க. தேடுங்கம்மா. மெத்தையையும் பொரட்டுங்க."

புரட்டினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னாள் உதவியாளர் டார்லா. கழற்றினான். எலும்புகள் தெரிந்தன, வேறொன்றும் இல்லை.

"அப்ப மென்னு முழுங்கிருப்பான்," என்றாள் டார்லா, அவன் காதுபடவே.

லொரெட்டா மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனைக் குப்பியைத்தான் நீட்டினாள்.

அவன் அதை வாங்கி ஜன்னலோரம் வைத்தான்.

"வந்ததுலேர்ந்து சுத்தமா இருக்கேன். நீங்களாவது நம்புவீங்கன்னு நெனச்சேன். கையில இருக்கற கொழாய உருவுங்க, நான் போறேன்."

"போனா செத்துருவ வெண்டல்."

"திருடன்னு பேரோட இங்க கெடக்கறதுக்கு அது தேவல."

சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டான். குழாயை உருவிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள் லொரெட்டா. ரத்தம் நின்றதும் அவன் போய்விட்டான்.

மாலையில் குளிப்பாட்டுவதற்காக ஆர்டித்தைத் திருப்பியபோது, தோள்பட்டைகளுக்கு நடுவே பிளாஸ்திரி பத்திரமாக இருந்தது. வார இறுதியில் வந்த புது நர்ஸ் ஒட்டியது. மறதிக்காரர்கள் பிய்த்துப் போட்டுவிடுவார்கள், கை எட்டாத முதுகில் ஒட்டுங்கள் என்று புதியவர்களைப் பழக்கியவளே லொரெட்டாதான். வெண்டலின் பெயர் மனதில் வந்ததும் அவள் கிழவியைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவன் மெத்தையைத்தான் புரட்டினாள்.

அவன் கொடுத்திருந்த ஒரே எண் அக்காவுடையது. அழைத்தாள்.

"இங்க வரல, வரவும் கூடாது. இப்ப என்னத்தத் திருடினான்?"

"ஒண்ணும் திருடல."

"அப்ப ஏன் போனான்?"