சத்தம் போடாத பெட்டி

என் கடைக்குக் கணினி வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது எப்படி ஓடும் என்பதில் அக்கறை இல்லை. எத்தனை நிறத்தில் மின்னும் என்பதில்தான் அக்கறை. பெட்டிக்குள் விளக்கு எரிகிற விசிறி நாலு போட்டுக் கொடுத்தால் மகிழ்ந்து போவார்கள். இரண்டு நாளில், "நுஸ்கி நானா, ஹெலிகொப்டர் மாதிரி இரையுது" என்று அழைப்பு வரும். வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு பதினெட்டு வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். அதனால் சண்முகம் அண்ணனும் அவர் மனைவி நிஷாந்தியும் முதல் நாள் வந்தபோதே அவர்களை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. அவர்களுக்கு விளக்கு ஒன்றும் வேண்டாம். அவருக்குக் கண் தெரியாது.

நீரிழிவு நாற்பது வயதில் அவர் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், வேலையை விட்டபின் சும்மா இருக்காமல், வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சையை மட்டும் போய் எழுதும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்துவிட்டார். அவருக்குக் கிடைத்த குறிப்புகளோ யாரோ கையால் எழுதி, நாலு பேர் போட்டோக்கொப்பி எடுத்து, பாதி அழிந்து போனவை. எந்த மென்பொருளும் அதை வாசிக்காது. அதனால் நிஷாந்தி வாசித்தாள். அவளுக்கு ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தின் அலுவலகத்தில் வேலை. காலையில் வேலைக்குப் புறப்படும்வரையும், ஞாயிறென்றால் பகல் முழுவதும், கொட்டாஞ்சேனை வீட்டில் கணினிக்கு முன்னால் இருந்து மைக்கில் வாசித்துப் பதிவாள். அவர் அதைக் கைப்பேசியில் போட்டுக் கேட்டுப் படிப்பார். மூன்று வருடம் இப்படிப் போயிருந்தது. கடைசிப் பரீட்சை மட்டும் மிச்சம். பட்டப்படிப்புக்கு அவர் பதிந்த காலமும் அதோடு முடிகிறது. இந்தத் தடவை தவறினால் எல்லாம் முதலிலிருந்து.

"இவளின்ர குரலுக்குப் பின்னால எந்த நேரமும் ஒரு இரைச்சல் நானா," என்றார் சண்முகம் அண்ணன். "ரெண்டு மணித்தியாலம் கேட்டாத் தலை இடிக்குது. தெரிஞ்ச ஒராள் சத்தத்தை வெட்டுற சொஃப்ட்வேர் ஒண்டு போட்டுத் தந்தவர். அதுக்குப் பிறகு இவள் தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இருக்கு. எனக்கு இவளின்ர குரல் இவளின்ர குரலாவே வேணும்."

நிஷாந்தி வெட்கப்பட்டுக் கையிலிருந்த பையின் வாரைச் சரிசெய்தாள்.

நான் ஒன்பது விசிறிகளை எடுத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்தேன். சின்ன விசிறி அவசரக்காரன்; அதே காற்றைத் தர இரண்டு மடங்கு ஓட வேண்டும், அதனால் கத்தும். பெரியது மெதுவாகச் சுற்றியே வேலையை முடிக்கும். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது. அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதில டிக் டிக் எண்டு ஒண்டு இருக்கு. உள்ளுக்கு ஏதோ தட்டுது," என்றார். அடுத்ததைக் கேட்டு, "இது சத்தம் குறைவு, ஆனா மெல்லிசாப் பாடுது. இது அதை விட மோசம்." ஆறாவதில் நிறுத்தினார். "இதுதான். காத்துச் சத்தம் மட்டும்."

நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் நான் பெட்டியில் அச்சடித்த டெசிபெல் கணக்கைப் பார்த்து விற்கிறவன். அவர் வெறும் காதால் பிடித்துவிட்டார். எனக்கு அந்த மனிதரைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நாலு கம்பி உள்ள விசிறி, மதர்போர்ட் சொல்கிற வேகத்தில்தான் சுற்றும். எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று நாம் ஒரு கோடு கீறிக் கொடுக்க வேண்டும். நான் கீறிய கோடு இது: ப்ரொசெசரின் சூடு அறுபது பாகைக்குப் போகும்வரை முன்னால் இருக்கும் விசிறியும் பின்னால் இருக்கும் விசிறியும் சுற்றவே கூடாது. ப்ரொசெசருக்கு மேல் உள்ளது மட்டும் ஊர்ந்துகொண்டு இருக்கும். ஆணிக்குப் பதிலாக ரப்பர் முளை போட்டு மாட்டினேன், அதிர்வு தகரத்தில் ஏறாமல் இருக்க. அவர்களுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கை, மூன்று வருடப் பதிவுகளோடு, முன் விசிறிக்குப் பின்னால் இருந்த தட்டில் அப்படியே பொருத்தினேன். வெள்ளவத்தையில் என் கடை ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது.

"போடுங்கோவன் பாப்பம்," என்றார் சண்முகம் அண்ணன்.

"ஓடத் தொடங்கி அஞ்சு நிமிஷம் அண்ணன்."

"சும்மா சொல்லாதேங்கோ."

குனிந்து பெட்டியில் காதை வைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிஷாந்தியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் ஒரு மாதம் சுமந்து திரிந்தேன். வந்த போன எல்லோருக்கும் சொன்னேன். என் மனைவி லுத்பியாவிடம் நாலாவது தடவை சொன்னபோது, "பீத்தல் போதும், சாப்பிடுங்க" என்றாள்.

வழக்கமாக எந்த வாடிக்கையாளரிடமும் இரண்டு கேள்வி கேட்பேன். பெட்டியை எங்கே வைக்கப்போகிறீர்கள்? உள்ளே இருப்பதற்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா? அன்றைக்கு இரண்டையும் கேட்கவில்லை.

ஜனவரியில் நிஷாந்தி அழைத்தாள்.

"நானா, முன்னுக்கு இருக்கிற ஃபேன் சுத்துறதே இல்ல. பழுதோ?"

"சுத்தாது தங்கச்சி. அதுதானே நீங்க கேட்டது? தேவப்பட்டாத் தானாச் சுத்தும்."

ஏப்ரலில், புத்தாண்டுக்குப் பிறகு, வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் மறுபடி அழைத்தாள்.

"பெட்டியின்ர முன்பக்கம் கை வைக்க ஏலாமச் சுடுது நானா. நான் பதியேக்க ஜன்னலையும் பூட்டி, மேல ஃபேனையும் நிப்பாட்டிப் போட்டுத்தான் இருக்கிறனான். சத்தம் விழக்கூடாது தானே. அதால இருக்குமோ?"

காரணம் முழுவதையும் அவளே சொல்லிவிட்டாள். என் முன்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். "நான் செட் பண்ணின மெஷின் தங்கச்சி. ஒண்டும் ஆகாது. நீங்க ஒண்டையும் தொட வாணாம்," என்று வைத்துவிட்டேன்.

மூன்று பேர் காத்திருந்தது உண்மை. ஆனால் காரணம் அது இல்லை. முன் விசிறியை எந்த நேரமும் மெதுவாகச் சுற்றும்படி விட்டிருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அப்போது ஒரு சின்னச் சத்தம் வந்திருக்கும். சண்முகம் அண்ணனின் காது அதைப் பிடித்திருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பரீட்சைக்கு இருபத்தொரு நாள், சரியாக மூன்று கிழமை இருக்கும்போது இருவரும் பெட்டியை முச்சக்கர வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். நான் மின்சாரம் கொடுத்ததும் சண்முகம் அண்ணன், "கேக்குதோ?" என்றார். எனக்கும் கேட்டது. ஹார்ட் டிஸ்க் வாசிக்க முடியாமல் உள்ளே டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

திறந்து பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. விசிறிகள் பார்த்துக்கொண்டிருந்தது ப்ரொசெசரின் சூட்டை மட்டும். ஒருவர் மைக்கில் வாசிப்பதைப் பதிவதெல்லாம் ப்ரொசெசருக்கு ஒரு வேலையே இல்லை. அது அறுபது பாகையை எட்டவேயில்லை. அதனால் முன் விசிறியும் பின் விசிறியும் மாதக்கணக்கில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. காற்றே இல்லாத தட்டில் டிஸ்க் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் சூட்டை எந்த விசிறியும் பார்க்கவில்லை, பார்க்கும்படி நான் வைக்கவில்லை.

"வேற எங்கேயும் கொப்பி ஈக்கா?" என்று, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

கைப்பேசியில் கடைசி இரண்டு பாடம் மட்டும் இருந்தது. இடம் போதாமல், கேட்டு முடித்ததை அழித்து அழித்துத்தான் அடுத்ததைப் போட்டுக்கொண்டிருந்தாராம். பரீட்சைக்கு முன்னால் மீட்டிப் படிக்கும் நேரத்தில் கணினியிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்று.

நிஷாந்தி அழத் தொடங்கினாள். "நான் தொட்டனான் நானா. நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னதுக்குப் பிறகும். சூடு தாங்கேலாமப் பக்கத்து மூடியைக் கழட்டி, பதியாத நேரத்தில மேசை ஃபேனைப் பிடிச்சுவிட்டனான். ரெண்டு கிழமையா."

"அவர் தொடாத எண்டு சொன்னவர் தானே! நீ ஏன் திறந்தனி?" சண்முகம் அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அதாலதானோ நானா?"

அவள் செய்ததுதான் சரி. அந்தப் பெட்டியில் அந்த டிஸ்க்குக்குக் கிடைத்த ஒரே காற்று அவள் பிடித்த காற்றுத்தான். அதில்தான் அது இன்னும் இரண்டு கிழமை உயிரோடு இருந்திருக்கும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொன்னது: "மூடியத் திறந்தாத் தூசி போகும் அண்ணன். சில நேரம் அப்பிடியும் ஆகும்."

பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வார்த்தை. பதினெட்டு வருடத் தொழிலில் நான் சொன்னதில் மிகக் கேவலமானது அதுதான்.

டிஸ்க்கிலிருந்து தகவல் மீட்கும் இடமொன்றுக்கு அனுப்பினேன். பத்து நாள் வைத்திருந்து கைவிரித்துவிட்டார்கள். நிஷாந்தி லீவு போட்டு எல்லாவற்றையும் மறுபடி வாசிக்கத் தொடங்கினாளாம். எட்டாம் நாள் குரல் அடைத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. அவர் தெரிந்ததை வைத்துக்கொண்டு போய், சொல்லச் சொல்ல ஒருவரை எழுத வைத்துப் பரீட்சையை முடித்துவிட்டு வந்தார்.

நவம்பரில் ஒரு பகல் அவர் வெள்ளைக் கோலோடு தனியாகப் படியேறி வந்தார். இரண்டு பாடத்தில் தவறிவிட்டதாகச் சொன்னார். பட்டப்படிப்புக்கு மறுபடியும் முதலிலிருந்து பதிந்திருக்கிறாராம்.

"தங்கச்சி வரேல்லையா?"

"அவளுக்கு வேலை. தமிழ் வாசிக்கிற சொஃப்ட்வேர் ஏதும் வந்திருக்கோ நானா? பாதி விளங்கினாலும் பரவாயில்ல. இனி அவளைக் கேக்கிற எண்ணம் இல்ல."

"ஏன் அண்ணன்?"

"அவள் வாசிக்கத் தொடங்கினா எனக்கு அந்த மூடி ஞாபகம் வருது. ஏதாவது சொல்லிப் போடுவன். அவள் எழும்பிப் போயிடுவாள்." கோலை மற்றக் கைக்கு மாற்றினார். "இப்ப சாப்பிட்டாச்சோ, மருந்து போட்டாச்சோ எண்டு மட்டும்தான் கதை."

அன்றைக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு மென்பொருளைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்து, கையைப் பிடித்துப் படியிறக்கி, முச்சக்கர வண்டி பிடித்து ஏற்றிவிட்டேன். இவ்வளவு உபகாரம் செய்கிறாரே என்று அந்த மனிதர் நன்றி வேறு சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு வருடத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. சண்முகம் அண்ணன் கதவைத் திறந்து, மேலே, நிஷாந்தி வாசித்துப் பதிந்த சின்ன அறைக்குக் கூட்டிப்போய் இருக்கச் சொன்னார். கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. தலைக்கு இரண்டு முழம் மேலே. ஜன்னல் இடுக்கில் எல்லாம் பழைய துணி அடைத்திருந்தது, தெருச் சத்தம் வராமல் இருக்க. பகல் பதினொரு மணி. இரண்டு நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. இந்த அறையில் மேல் விசிறியையும் நிறுத்திவிட்டு ஒரு பெண் மணிக்கணக்கில் இருந்து வாசித்திருக்கிறாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் இங்கே வந்து நின்றிருந்தால் போதும்.

நிஷாந்தி கீழே அடுப்படியில் இருந்தாள். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசிறி எதைப் பார்த்துச் சுற்றும், நான் எதைப் பார்க்க வைத்தேன், மேசை விசிறி என்ன செய்தது, அன்று கடையில் நான் சொன்னது என்ன என்று ஒன்றும் விடாமல்.

"அப்ப அவள் திறந்தது பிழை இல்லையோ?"

"இல்ல அண்ணன். அதுதான் சரி."

"ஏன் அண்டைக்கே சொல்லேல்ல?"

"வெக்கம்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நான் அவளை என்னவெல்லாம்..." என்றார்.

நிமிர்ந்து பார்த்தபோது நிஷாந்தி வாசலில் நின்றாள். கை ஈரமாக இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நானா, நான் உங்களுக்கு போன் எடுத்தனான் தானே?"

"ஓம் தங்கச்சி."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம்."

"சுடுது எண்டு சொன்னனான் தானே? அறையைப் பூட்டிப் போட்டு இருக்கிறன் எண்டும் சொன்னனான் தானே?"

"செல்லினீங்க. நான்தான் கேக்கல்ல."

"அதை இவருக்கு விளங்கச் சொல்லுங்கோ. நான் வடிவாச் சொல்லியிருக்க மாட்டன் எண்டுதான் இவர் இவ்வளவு நாளும் சொல்றவர்."

நான் சொன்னேன். ஜனவரியில் அவள் சொன்னது என்ன, ஏப்ரலில் சொன்னது என்ன, நான் எப்படி அழைப்பை வைத்தேன் என்று ஒரு சொல் விடாமல் சொன்னேன். சண்முகம் அண்ணன் தலையைக் குனிந்து கேட்டார். நான் முடித்ததும் எழுந்து, குரல் வந்த வாசல் பக்கம் கையை நீட்டி, "நிஷா," என்றார்.

அவள் நான் சொல்லி முடிக்கும் முன்பே படியிறங்கிப் போய்விட்டிருந்தாள். என் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த அவர் அதைக் கவனிக்கவில்லை. நீட்டிய கையோடு நின்றார். அவள் அங்கே இல்லை என்பதையும் நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.