ஏனையவை: ஒன்று

இலங்கையின் எந்தத் தொழிற்சாலையில் ஒரு புதிய சென்சர் பூட்டப்பட்டாலும், அது புத்தளத்துக்குப் பக்கத்தில் முந்தல் என்ற ஊரில் இறால் பண்ணையில் வேலை செய்யும் அனஸ்தாசியாவின் உடம்பில் தெரிந்தது. சூட்டை அளக்கும் சென்சர் என்றால் காது மடலில் தெரியும். அமுக்கத்தை அளப்பது முழங்காலில், பாரத்தை அளப்பது குதிக்காலில், ஈரப்பதனை அளப்பது தலை வகிட்டில். வந்து குடியேறியது எழும்பிப் போவதில்லை. பூட்டிய இடத்தில் அது அளந்துகொண்டிருக்கும் காலமெல்லாம் அவளுக்குள்ளும் அளந்துகொண்டேயிருக்கும். இது தொடங்கிய வருடம் தேங்காய் விலை கண்டபடி ஏறியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கவில்லை.

தொடங்கியது 2017 செப்டெம்பரில். வெள்ளைப்புள்ளி நோயில் இரண்டு தடவை இறால் முழுக்கச் செத்து மிதந்ததில் மனம் வெறுத்த பண்ணை முதலாளி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனை அளக்க ஒரு சென்சர் எடுப்பித்தார். அதைப் பூட்டப் புத்தளத்திலிருந்து முபாரிஸ் வந்தார். மோட்டர் திருத்தும் கடையை அப்போதுதான் சென்சர் பூட்டும் கடையாக மாற்றியிருந்தவர். தண்ணீரில் இறக்குமுன் சென்சரை ஈரத்துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து அளவு சரிபார்க்க வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தது. "அக்கா, சுத்தமான துணியொண்டு ஈக்கா? எண்ணெய் படாத துணி" என்று கேட்டார். இறால் பண்ணையில் எண்ணெய் படாத துணிக்கு எங்கே போவது? இருந்தது ஒன்றே ஒன்று, அனஸ்தாசியாவின் கைப்பைக்குள். கைக்குட்டை அளவு நீலத்துணி. கல்யாணம் முடித்து ஐந்து வருடமாகியும் பிள்ளையில்லாத குறைக்காக, முந்தின மாதம் தலவில் கோயில் திருவிழாவில் புனித அன்னம்மாளின் சுரூபத்தில் தொட்டெடுத்து, பிள்ளை கிடைக்கும்வரை இதை யாருக்கும் கொடுப்பதில்லையென்று அவள் நேர்ந்துகொண்ட துணி. இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி வெயிலில் நின்றுகொண்டிருந்தார், முபாரிஸ் கையை நீட்டியபடி இருந்தார். கொடுத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்துத் துணியை அவிழ்த்தபோது அவளுடைய தோள் எலும்புக்குக் கீழே ஏழு தசம் ஆறு என்று தெரிந்தது. முபாரிஸின் கையிலிருந்த சின்னத் திரையிலும் ஏழு தசம் ஆறுதான் இருந்தது. துணியை அவர் பிழிந்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் வருடத்தில் வந்தவை முந்நூற்றுச் சொச்சம். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கொழுந்து வாட்டும் தட்டுகள், பொலன்னறுவை நெல் ஆலைகளின் காயவைக்கும் கோபுரங்கள், பியகமவில் நீராவிக் கொதிகலன்கள். அவள் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருக்கும்போதே கிளிநொச்சியில் பால் குளிரத் தொடங்குவது தெரியும். அடுத்த வருடம் எழுநூறு, அதற்கடுத்த வருடம் ஆயிரத்துக்கு மேல். உடம்பில் இடம் போதாதென்று ஆனபோது அவை ஒன்றன்மேல் ஒன்றாக, சண்டை சச்சரவில்லாமல் உட்கார்ந்துகொண்டன. நீலத்துணியை எடுத்துக் கொடுத்த வலது உள்ளங்கையில் மட்டும் ஒன்றும் வந்து குடியேறவில்லை. அவளுடைய புருஷன் மனுவேல் ஐஸ் லொறி ஓடுபவர், எதையும் பகிடியாக்காமல் விடமாட்டார். "நாடு முழுக்க உனக்குள்ள வேல செய்யுது, சம்பளம் மட்டும் பண்ணையில இருந்துதான் வருது" என்பார்.

இந்தச் சரக்கின் நாடளாவிய சந்தை எவ்வளவு வளர்கிறது என்று அறிக்கை எழுதும் கொழும்புக் கம்பனியொன்றிலிருந்து 2019இல் சாரங்கன் என்பவர் முந்தலுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து கொழும்பில் வேலை எடுத்தவர், நல்ல சப்பாத்தோடு குளத்து வரம்பில் வழுக்கி விழுந்தார். எழும்பித் துடைத்துக்கொண்டு, இந்த வருடம் வளர்ச்சி இருபத்தைந்து வீதம் என்று பெருமையாகச் சொன்னார்.

"நாப்பத்தஞ்சு" என்றாள் அனஸ்தாசியா, இறால் தீன் வாளியைக் கீழே வைக்காமலே. "பியகமவில போன கிழமை பூட்டின நூத்தி நாப்பத நீங்க கணக்கில எடுக்கல்லப் போல."

சாரங்கன் கொழும்புக்குப் போய்ச் சுங்கத்துத் தாள்களையும் கடைக்காரர்களின் சிட்டைகளையும் கிண்டிப் பார்த்தார். நாற்பத்தைந்துதான். அதன்பிறகு ஒவ்வொரு ஜனவரியும் அவர் அனஸ்தாசியாவுக்குத் தொலைபேசி எடுப்பார், அவள் தொகையைச் சொல்வாள், அவர் எழுதிக்கொள்வார். நாட்டிலேயே பிழையில்லாத அறிக்கை அவருடையதுதான் என்று பெயர் வந்தது. அடிக்குறிப்பில் "கள ஆய்வு, முந்தல்" என்று மட்டும் இருக்கும்.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் கப்பல்கள் வரவில்லை, புதிதாக ஒன்றும் பூட்டப்படவில்லை. மணிக்கணக்காக மின்சாரம் போனபோது நாடு முழுக்கச் சென்சர்கள் செத்தன, அவளுடைய காதும் முழங்காலும் குதிக்காலும் ஒரே நேரத்தில் அமைதியாயின. ஊர் எரிவாயு வரிசையில் நின்று சபித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். ஆனால் அவளுக்கு அழுகை வந்தது. வெறும் உடம்போடு படுத்திருக்கும்போதுதான் தனக்குப் பிள்ளையில்லை என்பது அவளுக்கு நன்றாக உறைத்தது. மின்சாரம் திரும்பி வந்து ஹற்றன் தேயிலை காது மடலில் சுடத் தொடங்கியதும் எழும்பித் தேத்தண்ணி வைத்தாள்.

பிறகு சந்தை விட்ட இடத்திலிருந்து பாய்ந்தது. 2025 ஏப்ரலில், முப்பத்தெட்டாவது வயதில், அனஸ்தாசியா கர்ப்பமாயிருப்பது தெரிந்தபோது அவளுக்குள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் சென்சர்கள் இருந்தன. மனுவேல் தலைகால் புரியாமல் லொறியோடு தலவிலுக்குப் போய், கோயில் வாசலில் ஒரு முழு ஐஸ் பாளத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தார். அனஸ்தாசியாவுக்கோ சந்தோசத்தோடு பயமும் சேர்ந்து பிறந்தது. ஆறாம் மாதத்தில் மருத்துவமாது வந்து, பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது அசைகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த கிழமை வந்து, "எத்தன தரம் அசைஞ்சது?" என்று கேட்டார்.

"எது மிஸ்ஸி? பிள்ளையா, பியகமவா?" என்றாள் அவள், பகிடிக்கல்ல.

பன்னிரண்டாயிரம் துடிப்புக்குள் ஒரு துடிப்பை எப்படிப் பிரித்தெடுப்பது? அடிவயிற்றில் ஏதாவது உதைத்தால் கையை வைத்துக் காத்திருப்பாள், அது எங்கோ ஒரு கொதிகலனின் மூடி திறந்ததாக இருக்கும். பிள்ளை அசையாமல் போனாலும் தனக்குத் தெரியாமலே போய்விடும் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் போனது. நீலத்துணியை மடியில் விரித்து, "தாயே, இதெல்லாத்தையும் எடுத்துக்கொள்ளும், ஒண்ட மட்டும் விளங்க வையும்" என்று மன்றாடினாள். அந்தக் கிழமை மேலும் அறுநூறு வந்து சேர்ந்தன. நேர்ந்த துணியைக் கைமாற்றியதற்கு இதுதான் தண்டனை என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஒக்டோபரில், நாள் வருவதற்கு ஏழு கிழமைக்கு முன்பே, ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. தாயின் முகத்தருகே ஒரு கணம் காட்டிவிட்டு மேல்மாடிக்குக் கொண்டுபோய், குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு நாளைக்குக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று அனஸ்தாசியாவுக்குச் சொல்லப்பட்டது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மணித்தியாலம் போயிருக்கும், எட்டு வருடமாக வெறுமையாய்க் கிடந்த வலது உள்ளங்கையில் முப்பத்தாறு தசம் நான்கு என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. பிள்ளையின் வயிற்றில் ஒட்டும், தனிப் பற்றரியில் ஓடும் காசளவு சென்சரை அப்போதுதான் மேலே ஒட்டியிருந்தார்கள். அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கையைப் பொத்திக்கொண்டு, பிள்ளை உண்டான நாளிலிருந்து தூங்காத தூக்கமெல்லாம் சேர்த்துத் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம், சோறு வந்த நேரத்தில், உள்ளங்கை முப்பத்தாறுக்குக் கீழே இறங்கியது. முப்பத்தைந்து தசம் எட்டு. தசம் ஐந்து. அனஸ்தாசியா தட்டைத் தள்ளிவிட்டுத் தாதி ஷானிகாவின் கையைப் பிடித்தாள். "மிஸ், என்ட பிள்ள குளிருது. ஓடிப் பாருங்க." ஷானிகா சிலாபத்துப் பிள்ளை, நிறையத் தாய்மாரைக் கண்டவள், கதையை விட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். தரை துடைத்தபோது தடி பட்டு, சூட்டுப்பெட்டியின் மின்கம்பி சுவரிலிருந்து கழன்று கிடந்தது. எச்சரிக்கை மணியும் அதே கம்பியில்தான் ஓடியது. செருகினார்கள். கீழே அனஸ்தாசியாவின் கையில் அரைமணிக்குள் முப்பத்தாறு தசம் ஐந்து ஆனது. அதற்குப் பிறகு ஷானிகா மேலே போய்த் திரை பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, கட்டிலைக் கடக்கும்போது "அக்கா, இப்ப எவ்வளவு?" என்று, நேரம் கேட்பது போலக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஐந்து கிழமை கழித்துச் சென்சரை உரித்துப் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தார்கள். கழற்றியது போய்விடும் என்பது அனஸ்தாசியாவுக்குத் தெரியும், மூடிய தொழிற்சாலைகள் எத்தனையோ அப்படிப் போயிருக்கின்றன. லொறியில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க உள்ளங்கையைப் பார்த்தபடியே வந்தாள். வீட்டு வாசலிலும் அது போகவில்லை. பிள்ளை அழுதால் கொஞ்சம் ஏறியது, பால் குடித்தால் நிலைக்கு வந்தது.

இந்த ஜனவரியில் சாரங்கன் வழக்கம்போலத் தொலைபேசி எடுத்தார். அனஸ்தாசியா தொகையைச் சொன்னாள். அவர் தன்னிடமிருந்த தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, "அக்கா, முதல் முறையா உங்களுக்குப் பிழைச்சிருக்கு. ஒண்டு கூடுது" என்றார்.

"கூடல்ல. அது வீட்டில இருக்கு. கழட்டியாச்சு, ஆனா இன்னும் அளக்குது."

பின்னால் பிள்ளை சிணுங்குவது அவருக்குக் கேட்டது. "அது மருத்துவ வகையெல்லோ? எங்கட அறிக்கையில வராதே" என்றார்.

"போடுங்க தம்பி."

அறிக்கை மாசியில் வெளிவந்தது. சந்தை பதினான்கு வீதம் வளர்ந்திருக்கிறது. தேயிலை, நெல், இறால், ஆடை என்று வரிசையாக வந்து, கடைசியில் "ஏனையவை: ஒன்று" என்றிருக்கிறது. முபாரிஸ் அந்தப் பக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அந்த ஒன்று எந்தத் தொழிலுக்கானது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நேற்றுப் பின்னேரம் அது முப்பத்தாறு தசம் ஏழு.