பதினேழாம் அறையில் என்ன இருந்தது

கீழ்த்தளத்தில் தண்ணீர்க்குழாய் மாற்றப் போகிறார்கள், அவரவர் கிடங்கறையைக் காலி செய்து கொடுங்கள் என்று குடியிருப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஓட்டைக் குடையும் கால் உடைந்த நாற்காலியும் தவிரத் தங்களுடையது அங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று முனகிக்கொண்டேதான், அங்கே குடியிருந்த, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை பார்த்த லிஃப்ட்காரர் இறங்கிப் போனார். நாற்காலிக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. திறந்ததும் கிளம்பிய தூசியில் அவர் போட்ட தும்மலுக்கு ஐந்தாம் மாடியில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டதாகப் பிற்பாடு அவரே பெருமையாகச் சொன்னார். பெட்டி நிறைய ‘நிலவறை’ இதழ்கள்.

‘நிலவறை’ என்பது மேசை மேல் ஆடும் கதை ஆட்டத்துக்கென்றே மாதாமாதம் வந்துகொண்டிருந்த பத்திரிகை. ஆட்டம் சுலபம். ஒருவர் நடுவர்; பாழடைந்த கோட்டையின் வரைபடமும், எந்த அறையில் என்ன பதுங்கியிருக்கிறது என்று இதழில் வந்த விவரமும் அவரிடம் மட்டும் இருக்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனையோ மந்திரவாதியையோ கற்பித்துக்கொண்டு, ‘கதவைத் தள்ளுகிறேன்’, ‘தலைதெறிக்க ஓடுகிறேன்’ என்று வாயால் சொல்வார்கள். தள்ளினால் என்ன ஆகும் என்பதை நடுவர் சொல்வார். அவருக்கே சந்தேகம் வந்தால் பகடை சொல்லும்.

லிஃப்ட்காரரின் மனைவி பணி ஓய்வு பெறும்வரை மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். இளமையில் அவர்தான் நடுவர். அவர் நடத்தினால் பூதம் நிஜமாகவே மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் என்று மூன்று தெரு தள்ளியும் பேச்சு இருந்தது. அந்த மேசையில்தான், ‘கருங்கோட்டை’ என்ற ஆட்டத்தின் பதினேழாம் அறையில், லிஃப்ட்காரரின் வீரன் ‘இரும்புக் குடுமி’ அநியாயமாகச் செத்தான்.

அநியாயம் என்பது லிஃப்ட்காரரின் கட்சி. அன்று பகடையைக் கீழே வைத்தவர் பிறகு தொடவில்லை. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அந்தக் கொலையைச் சொன்னார். பல் பிடுங்க வாயைத் திறந்து வைத்திருந்தபோதும் பல் வைத்தியரிடம் அரைகுறையாகச் சொல்லிப் பார்த்தார். அன்று லிஃப்ட்காரர் முறைத்துக்கொண்டு எழுந்ததோடு ஆட்டம் நின்றது. நடுவர் போக ஆட இரண்டு பேராவது வேண்டும். மிச்சம் இருந்தது மனைவியின் தம்பி ஒருவர்தான்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்ட மனைவிக்கு மறுபடி நடுவராக உட்கார ஆசை வந்திருந்தது. விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், மீதிக் கோட்டை அப்படியேதானே இருக்கிறது, இதழை எங்கேயாவது தேடிப் பிடிக்கலாம் என்றார். தம்பி அடுத்த நிமிடமே சரி என்றார். லிஃப்ட்காரர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். அந்த அறையில் ஆளைக் கொல்கிற மாதிரி ஏதோ ஒன்று இருந்தது என்று பத்திரிகையில் காட்டு, வந்து உட்கார்கிறேன். இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. இதழ்கள் என்றோ தொலைந்துபோயின என்ற தைரியத்தில் போட்ட நிபந்தனை. மனைவி பகடைப் பையை அலமாரியில் திரும்ப வைத்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் லிஃப்ட்காரருக்கு என்னவோ போல் இருந்தது.

பெட்டியைத் தூக்கி வந்து கூடத்தில் கவிழ்த்தார். அட்டைப்படங்களில் டிராகன்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒன்றுக்குக்கூடக் கடைவாய்ப்பல் கிடையாது, இவை எதை மென்று தின்றன என்று யோசித்தபடியே புரட்ட ஆரம்பித்தார். ஒரு வாசகர், குதிரையை ஏணியில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தார். ஏற்றலாம் என்று ஒரு கட்சி, இறக்கத்தான் முடியாது என்று இன்னொரு கட்சி, ஏணியே குதிரையைச் சுமக்காது என்று மூன்றாவது கட்சி. அந்தச் சண்டை இதழ் இதழாக ஓடி, கடைசியில் ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தியிருந்தார். செத்த குட்டிப்பூதத்தின் சட்டைப்பையில் என்ன இருக்கும் என்பதற்கு முழுப்பக்க அட்டவணை இருந்தது: பொத்தான், பாதி கடித்த ஆப்பிள், இன்னொரு குட்டிப்பூதத்தின் பல். இருட்டில் மின்னும் பகடைக்கு ஒரு விளம்பரம்.

வாசகர் பக்கம் ஒன்றில் அவர் எழுதியதே இருந்தது. சென்ற இதழில் வந்த ஆளை நசுக்கும் மேடையில், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்பாரத்தின் கணக்கு தப்பு, அந்தப் பாரத்துக்கு மேடை மேலேதான் போகும், ஒருவனும் சாகமாட்டான் என்று லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் கண்டித்திருந்தார். கீழே ஆசிரியரின் பதில்: ‘அன்பரே, அது மந்திர மேடை.’ அந்தப் பதிலுக்கு இன்றும் அவருக்குக் காது சிவந்தது.

அடுத்ததாகக் கையில் வந்தது கருங்கோட்டை இதழ்.

பிரிக்கப் போனவரின் கைமேல் மனைவியின் கை விழுந்தது. மீதிக் கோட்டை அதில்தான் இருக்கிறது, ஒரு பக்கம் கண்ணில் பட்டாலும் பிறகு ஆடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்றார். நீயே வாசித்துச் சொல் என்றால், வாசித்தது நடுவர், நடுவர்தான் குற்றவாளி, அதை எப்படி நம்புவது என்று லிஃப்ட்காரருக்குத் தோன்றும். அவரே வாசித்தால் ஆட்டம் போச்சு. மனைவியின் தம்பியான மச்சானும் ஆடுகிறவர், அவரும் பார்க்கக்கூடாது. இதழை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் வெறித்துப் பார்த்தார்கள்.

வழி சொன்னது மச்சான்தான். படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில்; ஓவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டையில் மயிரிழை பிசகாமல் ஜன்னல் வெட்டுவார். போனில் விஷயத்தைக் கேட்டு, பதினேழாம் அறையின் விவரம் பக்கத்தில் எங்கிருந்து எதுவரை இருக்கிறது என்று அக்காவை அளக்கச் சொன்னார். மதியமே அட்டையோடு வந்து நின்றார்.

“கண்ணை மூடிக்குங்க அத்தான். அக்கா அட்டையை வைக்கட்டும். அப்புறம் திறந்தா அந்த நாலு வரி மட்டும்தான் தெரியும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தீங்கன்னா, உங்க கல்யாணப் போட்டோவுக்கு நான் போட்டுக் கொடுத்த சட்டத்தைக் கழட்டிட்டுப் போயிடுவேன்.”

லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்தார். ஜன்னலில் சின்ன எழுத்து:

‘அறை 17. காலி. சுவரில் ஈரம். கூரை பழையது. இங்கே எந்த ஆபத்தும் இல்லை. களைத்து வருகிறவர்கள் இளைப்பாறலாம்.’

மறுபடி வாசித்தார். அந்தக் கணத்தில் அவர் முகத்தில் எழுந்த வெளிச்சத்தில் அறைக்கு விளக்கே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் சொன்னேன், ஒரு ஜீவன் நம்பவில்லை, காலி அறை, காலி அறையில் என் பிள்ளையைக் கொன்றிருக்கிறாள் என்று ஜன்னலோரம் போய் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டைகளிடமும் அறிவித்தார்.

மனைவி அசையவில்லை.

“நீங்க கதவைத் திறந்ததும் நான் என்ன சொன்னேன்?”

லிஃப்ட்காரர் யோசித்தார். “காலியா இருக்குன்னு சொன்னே.”

“நம்புனீங்களா?”

“எப்படி நம்புறது? காலியா இருக்குற இடத்துலதான் ஆள் விழுந்து சாகுறான். லிஃப்ட் குழியில வேலை பார்த்தவன் நான். தட்டிப் பார்க்காம ஒரு காலை வைக்கமாட்டேன்.”

அதற்குப் பிறகு நடந்ததை மச்சான் சொன்னார். அவருடைய மந்திரவாதி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவனாயிற்றே. இரும்புக் குடுமி முதலில் கல் எறிந்தான். மாவைத் தூவி ஊதினான். இடுப்பில் கயிற்றைக் கட்டி மந்திரவாதியிடம் கொடுத்தான். சுவரைத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை, அதனாலேயே அவனுக்குச் சந்தேகம் முற்றியது. நீளக் கழியால் கூரையைக் குத்தினான். மண் உதிர்ந்தது. மேலே எதுவோ உயிரோடு இருக்கிறது என்று முடிவு கட்டி, நடுவில் கூரையைத் தாங்கி நின்ற மரத்தூணை உருவி அதைக் கொண்டே இடிக்க ஆரம்பித்தான். நிஜமாகவா, நிஜமாகவா என்று நடுவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படிக் கேட்பதே தந்திரம் என்றான். பகடையை உருட்டியதும் அவன்தான், விழுந்தது ஒன்று; கூரை அவன் தலைமேல் இறங்கியது.

“ஒரு நாள் பூரா அந்தக் காலி அறையிலதான் இருந்தோம் அத்தான். நான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்.”

பழைய கூரை, ஈரச் சுவர். தாங்கி நின்ற தூணை எடுத்துவிட்டு அதே தூணால் கீழிருந்து இடி. லிஃப்ட்காரர் மனசுக்குள் பாரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். அவரிடம் வேலை கற்றுக்கொண்டவன் எவனாவது இப்படிச் செய்திருந்தால் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மந்திரமே தேவையில்லை, விழத்தான் செய்யும்.

மனைவி அட்டையை எடுத்துவிட்டு இதழை மூடினார். “சரி, நீங்க சொன்னதுதான் சரி. அறையில ஒண்ணும் இல்ல. நீங்க உக்கார வேண்டாம்.” குரலில் கோபம் இல்லை. இதழ்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். மச்சான் ஜன்னல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்தவர் கூடத்தின் நடுவில் நின்றார். ஜெயித்த மாதிரி இல்லை. பெட்டி மூடப்போகிறது, உள்ளே மீதிக் கோட்டை முழுக்க இருக்கிறது. பதினெட்டாம் அறையில் என்ன, அதற்கு அடுத்த படிக்கட்டு எங்கே இறங்குகிறது, எதுவும் தெரியாமல் மிச்சக் காலத்தை எப்படி ஓட்டுவது?

“ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட முடியாது” என்றார்.

மனைவி நிமிர்ந்தார்.

“ஆளைக் கொல்ற மாதிரி ஒண்ணு அந்த அறைக்குள்ள இருக்கத்தான் செஞ்சுச்சு.”

“என்ன?”

“நான்தான்.” நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “நிபந்தனை நிபந்தனைதான். புது ஆளை எழுதத் தாளைக் கொடு.”

மச்சான் சிரித்த சிரிப்பில் சுவரில் தொங்கிய கல்யாணப் போட்டோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மனைவி சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பகடைப் பையை எடுத்து வந்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், இதழை யாருக்கும் தெரியாதபடி மறைத்துப் பிரித்தார். புது வீரனுக்கு லிஃப்ட்காரர் ‘வெறுங்கை’ என்று பேர் வைத்தார். கழி, கயிறு, மாவு எதுவும் அவன் மூட்டையில் இல்லை.

தாழ்வாரம் வளைந்து முடிகிறது, எதிரே ஒரு கதவு, அடியில் லேசாக வெளிச்சம் கசிகிறது என்றார் நடுவர்.

மச்சான் வழக்கம்போல் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார், அத்தான் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் ஒரு தூக்கமே போட்டுவிடலாம் என்று.

“திறந்துட்டு உள்ளே போறேன்” என்றார் லிஃப்ட்காரர்.

நடுவர் பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாகக் கணவரைப் பார்த்தார். மெல்ல அவர் உதட்டில் ஒரு சிரிப்பு விரிந்தது. பிறகு, ஒன்று போதாது என்று, பையிலிருந்து இன்னும் இரண்டு பகடைகளை எடுத்தார். லிஃப்ட்காரர் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டார்.