ஸ்டார்ட் என்று மட்டும் கேட்டது

சலவை ஆலையில் அவளுக்கு மூணாம் நம்பர் அக்கா என்று பெயர். மூன்றாம் எண் இயந்திரத்தைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் இருநூறு விரிப்புகளை ஒரே வாயில் விழுங்கும் இயந்திரம் அது. அதன் வட்டக் கதவு வழியாக ஓர் ஆள் குனிந்து உள்ளே போகலாம். அதனிடம் அவளுக்குப் பயம் இருந்ததில்லை. புது மேலாளர் வாயைத் திறந்தால்தான் பயம்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் படபடவென்று பொரிவார். அவர் முடித்ததும் எல்லோரும் "எஸ் சார்" என்பார்கள். அவர் போன பிறகு, என்ன சொன்னார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். இஸ்திரி உருளையில் நின்ற பெண்ணும் அப்படித்தான் "எஸ் சார்" என்றாள். பாதுகாப்புக் கம்பி கழன்றிருக்கிறது, கிட்டே போகாதே என்று அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. அவள் கை முழங்கை வரை வெந்துபோயிற்று. அந்த அலறல் அக்காவின் காதை விட்டுப் பல நாள் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் நிர்வாகம் ஆங்கில வகுப்பு வைத்தது. வாரத்தில் மூன்று நாள், காலை ஷிப்ட் முடிந்ததும், துணி மடிக்கும் அறையில். பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். அதுவரை சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுத்திருந்தாள். முதல் நாள் ஆப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டி, எழுந்து நின்று சொல்லச் சொன்னாள். நரைத்த தலைகள் ஒவ்வொன்றாக எழுந்து "ஆப்பிள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் ஏழு பேர்தான் மிச்சம்.

அன்று டீச்சர் புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள்.

"எனக்கே பயமாத்தான் இருக்கு. நீங்க எல்லாரும் என்னைவிட மூத்தவங்க. உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க, இங்கிலீஷை நெனச்சா எப்போ வயித்தைக் கலக்குது?"

"அவர் படி இறங்குற சத்தம் கேட்டாலே கலக்கும் டீச்சர். பேசவே வேண்டாம்" என்றான் மெக்கானிக். ஸ்பேனர் என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மெல்லச் சொன்னாள். "புரியலன்னு சொல்லத்தான் பயம் டீச்சர். சொன்னா, இவளுக்குப் பதிலா வேற ஆளைப் போடுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அன்றிலிருந்து பாடம் மாறியது. "ஸே இட் அகேன், ப்ளீஸ்." திரும்பச் சொல்லுங்கள் என்ற இந்த ஒன்றைத்தான் ஒரு வாரம் முழுக்கப் படித்தார்கள். டீச்சர் அவர்களை ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே நிறுத்தினாள். தூரத்திலிருந்து எதையாவது கத்துவாள். புரியாதவர்கள் கையைத் தூக்கி அதைச் சொல்ல வேண்டும். அக்காவுக்குக் குரல் பூனைக்குட்டி மாதிரிதான் வந்தது. "இன்னும் சத்தமா, நான் உங்க மேலாளர்!" என்று டீச்சர் இடுப்பில் கை வைத்து முறைப்பாள். விட்டுப்போனவர்களில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒரு காலையில் மூன்றாம் எண் இயந்திரத்துக்குள் விரிப்பு சிக்கி நின்றுவிட்டது. ஸ்பேனர் வந்தான். உள்ளே இறங்குகிறவர் சுவிட்சுப் பலகையின் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி; சாவி இல்லாமல் இயந்திரம் ஓடாது. "ரெண்டு நிமிஷ வேலைக்கு இதெல்லாமா?" என்று சாவியை அப்படியே விட்டுவிட்டான்.

அக்கா அடுத்த வண்டித் துணியை இழுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது கதவருகே யாரும் இல்லை. அவனுடைய கருவிப் பெட்டியையும் காணோம். வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தாள். கதவைத் தள்ளி மூடினாள்.

அப்போதுதான் மேலே இரும்பு நடைபாதையில் மேலாளர் வந்து நின்றார். கையை வீசி ஏதோ கத்தினார். சுற்றிலும் ஆறு இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்தன. அவள் காதில் விழுந்தது ஒரே சொல்தான். ஸ்டார்ட்.

அது அவளுக்குத் தெரிந்த சொல். பச்சைப் பொத்தான் மேலேயே எழுதியிருக்கும். தாமதமாகிறது, அதற்குத்தான் கோபப்படுகிறார் என்று நினைத்தாள். அவள் கை பொத்தான்மேல் போனது. விரல் தொட்டும்விட்டது.

ஏன் அழுத்தவில்லை என்று அவளுக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஏதோ சரியில்லை. கையை எடுத்து மேலே தூக்கினாள்.

"ஸே இட் அகேன், ப்ளீஸ்!"

அவர் மறுபடி கத்தினார். மறுபடியும் ஸ்டார்ட் என்றுதான் கேட்டது.  இரண்டாவது தடவையும் கேட்டால் என்ன நினைப்பார்? இன்றோடு வேலை போய்விடுமோ? கையை இறக்காமல் இன்னொரு தடவை கேட்டாள்.

அவர் படிகளில் தடதடவென்று ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. சாவியைத் திருகிப் பிடுங்கினார். கதவைத் திறந்தார். உள்ளே, ஈரத் துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து இரண்டு செருப்புக் கால்கள் நகர்ந்து வெளியே வந்தன.

ஸ்பேனர் கருவிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "திடீர்னு இருட்டாயிடுச்சு. கத்தினேன், யாருக்கும் கேக்கல" என்றான்.  அக்கா நின்ற இடத்திலேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை. கைவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"அதான் நீ அழுத்தலையே" என்றான் அவள் கணவன்.

"அழுத்தப் போனேனே."

மூன்றாம் நாள் வகுப்பில் டீச்சரோடு மேலாளரும் இருந்தார். ஸ்பேனர் உள்ளே இறங்கியதை மேலிருந்து பார்த்திருந்த அவர் அன்று என்ன கத்தினார் என்பதை டீச்சர் பலகையில் எழுதச் சொன்னாள். அவர் இரண்டு சொற்களை எழுதினார். "டோண்ட் ஸ்டார்ட்" என்று டீச்சர் படித்தாள். "ஓட்டாதேன்னு அர்த்தம்." முதல் சொல்லை உள்ளங்கையால் மறைத்தாள். "அந்தச் சத்தத்துல இது முங்கிப் போச்சு. மிச்சம்தான் உங்களுக்குக் கேட்டிருக்கு."

அக்கா தன் விரலைப் பார்த்தாள். "தெரியாத வார்த்தையா இருந்தா கை வெச்சிருக்கவே மாட்டேன் டீச்சர். தெரிஞ்ச வார்த்தைங்கறதாலதான் கை போச்சு."

 ஸ்பேனர் தொண்டையைச் செருமினான். "அவரையே தமிழ்ல 'போடாதே'ன்னு கத்தச் சொல்லுங்க டீச்சர். ஆனா அதுலயும் பாதிதான் கேட்டா, 'போடா'ன்னு திட்டிட்டார்னு சண்டைக்குப் போயிடுவோம்."

டீச்சர் அதை மொழிபெயர்த்தபோது மேலாளருக்கும் சிரிப்பு வந்தது. கடைசியில் "ஸ்டாப்" என்ற ஒரே சொல்லை, இரண்டு கைகளையும் குறுக்கே பிடித்துக்கொண்டு சொல்வது என்று முடிவானது.

அவர் சட்டைப் பையிலிருந்து மூன்றாம் எண் இயந்திரத்தின் சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். இனி அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னதை டீச்சர் தமிழில் சொன்னாள்.

அவள் வாங்கவில்லை. "உள்ள போறவங்ககிட்டதான் இது இருக்கணும். சொல்லுங்க டீச்சர்."

"நீங்களே சொல்லுங்க."

 அவள் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். "நோ சார். மேன் இன்சைட்... கீ, மேன்."

ஸ்பேனர் தலையைக் குனிந்துகொண்டான்.  மேலாளர் சாவியைக் கொண்டுபோய் அவன் கையில் வைத்து மூடினார்.

பயம் போய்விடவில்லை. இப்போதும் அக்கா பொத்தானை அழுத்துவதற்கு முன் கதவுக்குள் தலையை நீட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிடுகிறாள். பதில் வராவிட்டால், இன்னொரு தடவையும் கூப்பிடுகிறாள்.