காந்தத்துக்கு மசியாத ஊசி

ராஜபாய் இறந்த நாற்பதாம் நாள், அவள் லேஸ் பின்னும் தலையணையை எடுத்துப்போக நெய்யூரிலிருந்து தங்கை ராகேல் வந்தாள். ராஜபாயின் கணவன் ரசலையன் தூக்கிக் கொடுத்தான். அதில் ஊசிகள் குத்தியபடியே இருந்தன.

"அத்தான், இந்த ஊசியில காந்தத்த வச்சுப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவன். அன்று குதிகாலில் லேஸ் ஊசி ஏறிப் பாதி உள்ளேயே முறிந்துவிட்டது என்று ராஜபாய் அழுதபோது, லாடக் காந்தத்தை அவள் காலில் வைத்தான். உள்ளே எஃகு இருந்தால் இழுக்கும். இழுத்தால் வலி கூடும்.

"கூடுதா?"

"இல்ல," என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அப்போ ஒண்ணுமில்ல. நாடகம் காட்டாத."

கீறிப் பார்க்கட்டுமா என்று டாக்டர் கேட்டபோதும், வேண்டாம் என்ற அவன் பேச்சுதான் எடுபட்டது. படித்த மாப்பிள்ளை. பதினோராம் நாள் காய்ச்சல், பிறகு ஜன்னி, பிறகு கல்லறைத் தோட்டம்.

ராகேல் ஓர் ஊசியை உருவி மேசையில் போட்டாள். அவன் காந்தத்தை அருகில் கொண்டுபோனான். ஊசி கிடந்தபடியே கிடந்தது. மறுமுனையைக் காட்டினான். அசையவில்லை. டப்பாவிலிருந்து சாதாரணத் தையல் ஊசி ஒன்றை எடுத்து நீட்டினான். அது துள்ளி ஒட்டிக்கொண்டது.

லேஸ் ஊசி வந்த சீமை உறை தலையணைக்கு அடியில் இருந்தது. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.' வாங்கிய அன்றே அவன் வாசித்ததுதான். இரண்டாவது வார்த்தையை எடுத்துக்கொண்டான். முதல் வார்த்தையைக் கடைக்காரப் பெருமை என்று விட்டுவிட்டான். காந்தம் இழுக்காத இந்த எஃகு அவன் காலேஜ் புத்தகத்தில் இல்லை. இங்கிலீஷ் எழுத்தே தெரியாத ராஜபாய் அன்று சொன்னாள்: "உப்புக் காத்துலயும் துரு ஏறல்ல. இது வேற ஜாதி இரும்பு." அவன் சிரித்தான்.

"காந்தம் சொன்னா வேதம். எங்கக்கா சொன்னா நாடகம். அப்படித்தானே அத்தான்?"

அவன் தையல் ஊசியைக் காந்தத்திலிருந்து பிரித்து டப்பாவில் போட்டான்.

"மக பொய் சொல்லிச் செத்தாள்னு அம்மை ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கா. ஒங்க வார்த்தைய நம்பித்தான். வந்து அவகிட்ட சொல்லுங்க."

"வாறேன்."

சட்டையை மாட்டினான். காந்தத்தையும் லேஸ் ஊசியையும் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டான். நெய்யூர் போய்ச் சேரும்வரை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.